காகித ஆலைக் கசடில் தயாரித்த மட்கு உரத்தின் தரத்தை அறிவது எப்படி?

மணலி வாசகர்:
வணக்கம். காகித ஆலைக் கசடையும் மாட்டுச் சாணத்தையும் கலந்து மட்கவைத்த உரத்தை எங்கள் குடியிருப்பின் மாடித்தோட்டத்துக்குக் குறைந்த விலையில் தருவதாக ஒருவர் சொல்கிறார். நிறம் கறுப்பாக இருக்கிறது, நாற்றமும் இல்லை. கரிம-தழைச்சத்து விகிதம் (தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் எத்தனை பங்கு என்ற கணக்கு) 18 என்று ஆய்வறிக்கையும் காட்டுகிறார். கீரைத் தொட்டிகளில் இட இது போதுமா?

மாதவரத்திலிருந்து, மண்ணியல் படித்தவர்:
ஐயா, அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கழிவு உரத்துக்கு 20க்குக் குறைவான விகிதத்தைக் கேட்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஆலைக் கசடில் பெரும்பகுதி மரநார் என்பதால், மட்காத குவியலில் யூரியாவைக் கலந்தாலே விகிதம் இறங்கிவிடும், நார் அப்படியே கிடக்கும். கரிம அளவை எரித்துக் கணக்கிட்டார்களா என்றும் கேளுங்கள். காகிதத்தில் சேர்க்கும் கயோலின் களிமண் 500 டிகிரி வாக்கில் தன் பிணைப்பு நீரை இழக்கும்போது அந்த எடை இழப்பும் கரிமக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

உரம் நன்றாக மட்கியதா என்று காட்டும் முளைப்புச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு பங்கு உரத்தைப் பத்துப் பங்கு நீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்த நீரிலும் வெறும் நீரிலும் முள்ளங்கி விதைகளைத் தனித்தனியாக முளைக்கவிட்டு, முளைத்த எண்ணிக்கையையும் வேரின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். வெறும் நீரோடு ஒப்பிட்டு உர நீருக்குக் கிடைக்கும் எண்ணிக்கை விகிதத்தையும் நீள விகிதத்தையும் பெருக்கினால் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

திருவொற்றியூர் வாசகி:
மேலே சொன்னதோடு உப்பையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரே உவர்ப்பாக இருப்பதால், தொட்டியில் உப்பு படிந்துகொண்டே போகும். எனவே உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், அந்த ஆணை சொல்லும் 4 டெசிசீமன்ஸ்/மீட்டர் என்ற உச்ச வரம்புக்கு வெகுவாகக் கீழே இருக்கும் உரத்தையே நான் வாங்குவேன். காகிதத்தில் சேரும் சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டுவதால், அமில-காரக் குறியீடு (pH) 7.5ஐத் தாண்டினால் இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் இளந்தளிர் வெளுக்கும்.

மணலி வாசகர்:
நன்றி. கன உலோகச் சோதனைக்குச் செலவாகுமே, தவிர்க்கலாமா?

மாதவரத்திலிருந்து, மண்ணியல் படித்தவர்:
கீரை வளர்ப்பதானால் தவிர்க்காதீர்கள், ஏனெனில் காட்மியத்தை இலைக்குள் இழுத்துக்கொள்வதில் கீரைகள் முன்னணியில் நிற்கின்றன. கிலோவுக்குக் காட்மியம் 5, ஈயம் 100, குரோமியம் 50 மில்லிகிராம் என்பவை அந்த ஆணையின் உச்ச வரம்புகள். கசடு பழைய காகிதத்தின் மையை நீக்கும் ஆலையிலிருந்து வந்தது என்றால் செம்பையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள், நீல மையின் நிறமியில் அது உண்டு. முடிவு வரும்வரை உரத்தைப் பூச்செடிகளுக்கு மட்டும் இடுங்கள்.