மரப்பெட்டியில் கிடைத்த காஷ்மீர் சால்வை: ஊசி வேலையா, தறி வேலையா? வெட்டலாமா?

பறக்கைக்காரன்:
வணக்கம். அம்மா வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம், சாமான்களை ஒதுக்கும்போது மரப்பெட்டிக்குள் ஒரு கம்பளிச் சால்வை கிடைத்தது. அம்மாவின் பாட்டா திருவிதாங்கூர் சர்க்காரில் வேலை பார்த்தவர், இது மகாராஜா தன் கையால் போர்த்தியது என்று சித்தி அடித்துச் சொல்கிறார். ஆள் உயரத்தைவிட நீளம். நடுவில் கொஞ்சூண்டு இடம் மட்டும் வெறும் கறுப்பு, மற்ற இடம் முழுக்க சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக, வால் சுருண்ட நீள நீளமான மாங்காய்கள். ஒரு மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது.

பழைய சாமான் வாங்குகிற ஒருவர் பார்த்துவிட்டு, இது ஷாதூஷ், மோதிரத்துக்குள் நுழையும், யாரிடமும் காட்டாமல் என்னிடமே கொடுங்கள் என்கிறார். தங்கச்சியோ கரையை மட்டும் வெட்டிக் கல்யாண ப்ளவுசில் வைத்துத் தைக்கணும் என்று நிற்கிறாள். இது காஷ்மீர்ச் சால்வைதானா? கை வேலையா, மிஷினா? எந்தக் காலத்துச் சரக்கு?

மார்த்தாண்டம் ஊசிநூல்:
தம்பி, முதலில் தங்கச்சி கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி வையுங்க. நான் ஆரி ப்ளவுஸ் போட்டுத்தான் பிழைக்கிறேன், அந்தக் கரையை வெட்டித் தைத்தால் முதல் தடவை உடுத்தும்போதே கக்கத்துப் பக்கம் கிழியும். பழைய கம்பளிக்கு இழுவை தாங்காது.

முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பாதீங்க, திருப்பிப் போட்டுப் பாருங்க. ஊசி வேலை என்றால் பின்னால் துணியின் சொந்த நெசவு அங்கங்கே தெரியும், அதன்மேல் நூல் ஒரு ஒழுங்கில்லாமல் இந்தப் பூவிலிருந்து அந்தப் பூவுக்குத் தாவியிருக்கும், முடிச்சோ நூல் நுனியோ கிடக்கும். மிஷின் எம்பிராய்டரி என்றால் முன்னால் பத்து நிறம் இருந்தாலும் பின்னால் பெரும்பாலும் ஒரே பாபின் நூல்தான் ஓடும், தையலும் ஒரே அளவாக இருக்கும். காஷ்மீரில் ஆரிக் கொக்கியாலும் செய்வார்கள், நாங்கள் ப்ளவுசுக்குப் போடுகிற அதே சங்கிலித் தையல், ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி நெருக்கமான பூ வேலைக்கு ஊசிதான். அதில் இன்னும் நுணுக்கமாக எடுப்பதை சோஸ்னி என்பார்கள். முடிந்தால் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்க.

வடசேரித் தறி:
அக்கா சொன்னது சரி, ஆனால் தறியிலேயே இந்தப் பூவைக் கொண்டுவருவார்கள், அதையும் பார்த்துவிட்டு முடிவு சொல்லணும். காஷ்மீரில் அதற்குக் கானி என்று பெயர். நம்ம ஊர்த் தறியில் ஒரு நாடா ஊடையை, அதாவது குறுக்கு நூலை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோகும். கானியில் அது கிடையாது. நிறத்துக்கு ஒரு சின்ன மரக்குச்சி, நூலைச் சுற்றிப் பாவுக்கு, அதாவது நெட்டு நூலுக்கு, நடுவில் தொங்கவிட்டிருப்பார்கள், அந்த நிறம் வேண்டிய இடத்தில் மட்டும் அந்தக் குச்சி போய்த் திரும்பும். பக்கத்து நிறத்தோடு கோர்த்துக்கொள்ளும் இடத்தில் பின்பக்கம் மெல்லிய வரப்பு எழும், விரலால் தடவினாலே தெரியும். எந்தப் பாவில் எந்த நிறம் என்பதைத் தாலிம் என்ற குறிப்பெழுத்தில் எழுதிவைத்து, அதைப் பார்த்துத்தான் நெய்வார்கள். பெரிய சால்வை ஒன்றுக்கு ஒன்றரை வருஷம்கூட ஆகும். அதனால் அதையே துண்டு துண்டாகப் பல தறியில் நெய்து, பிறகு ஒட்டுத் தெரியாமல் இணைத்தார்கள்.

அவ்வளவு நாளும் கூலியும், போதாததற்குத் தறிச் சால்வைக்கு அரசாங்கத்தின் கடுமையான வரி. 1803 வாக்கில் யூசுப் என்ற ஆர்மீனிய வியாபாரி ஸ்ரீநகருக்கு வந்து, அதே பூவை வெறும் துணிமேல் ஊசியால் போட்டால் செலவும் குறையும் வரியும் இல்லை என்று ஆரம்பித்துவைத்ததாகச் சொல்வார்கள். அந்த ஊசிச் சால்வைதான் அம்லி. சும்மா சொல்லக்கூடாது, தறிக்காரனான எனக்கே சில அம்லி சால்வையை முன்பக்கம் மட்டும் பார்த்தால் கானி என்றுதான் தோன்றும்.

மூன்றாவதாக ஐரோப்பாச் சரக்கு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரிலும் பிரான்சிலும் துளை போட்ட அட்டையால் பூ எடுக்கிற ஜக்கார்டு தறி வைத்துக் காஷ்மீர் பூவைக் காப்பியடித்தார்கள். அதில் பின்பக்கம் எல்லா நூலும் குறுக்கே மட்டும் நேராக ஓடும், பெரும்பாலும் சிரைத்துவிட்ட மாதிரி வெட்டப்பட்டிருக்கும்.

பறக்கைக்காரன்:
படம் தெளிவாக விழவில்லை, பார்த்ததை எழுதுகிறேன். பின்பக்கம் சாய்கோடாக நெசவு தெரிகிறது. பூ நூல் அந்தக் கோட்டோடு சேராமல் எல்லாப் பக்கமும் திரும்புகிறது. ஒவ்வொரு மாங்காயைச் சுற்றியும் கறுப்பு நூலில் மெல்லிசாக ஓர் ஓரக்கோடு. பூச்சி அரித்த இடத்தில் சிவப்பு நூல் போய்விட்டது, அடியில் துணி மட்டும் முழுசாக நிற்கிறது. இரண்டு முந்தியிலும் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு என்று மாறி மாறி வருகிறது.

மார்த்தாண்டம் ஊசிநூல்:
பூ நூல் போயும் துணி நிற்கிறது என்றால் அது ஊசி வேலைதான். தறியில் நெய்த பூவாக இருந்தால் அந்த இடத்தில் ஓட்டைதான் விழும்.

வடசேரித் தறி:
ஆமாம், அம்லி. கட்டம் கட்டமான முந்தியும் அதற்குப் பொருந்துகிறது. காலத்துக்கு மாங்காயைப் பாருங்கள். 1600களில் அது வேரோடு நிற்கிற ஒற்றைப் பூச்செடி, 1700களில் பூங்கொத்தாகப் பருத்தது, பிறகு நுனி ஒரு பக்கம் வளைந்தது. 1800களின் நடுவில்தான் நீண்டு சுருண்டு துணி முழுக்கப் பரவி, நடுவில் ஒரு சின்ன இடத்தை மட்டும் விட்டுவைத்தது. ஆகவே உங்களுடையது 1840க்குப் பிறகு, பெரும்பாலும் 1870க்குள். 1870-71ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்து பிரெஞ்சு வியாபாரம் படுத்தது, அதற்கடுத்து 1877 முதல் 79 வரை காஷ்மீரில் பஞ்சம். இவ்வளவு வேலை போடச் சொல்லிக் காசு கொடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

தக்கலை வழக்கு:
மகாராஜா கதைக்கு என் பங்கு. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, ஊரில் பாதி வீட்டில் இருக்கிறது, அரண்மனையில் அத்தனை பேருக்கும் போர்த்தியிருந்தால் கஜானா காலியாகியிருக்கும் மக்கா. ஆனால் சால்வை போர்த்தி மரியாதை செய்வது திருவிதாங்கூரில் நிஜமாகவே இருந்த வழக்கம், அதனால் ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. சித்தியிடம் அரண்மனை உத்தரவு மாதிரி ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாங்க வந்த ஆளைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். ஷாதூஷ் என்பது சீரு என்ற திபெத்திய மானைக் கொன்று எடுக்கும் ரோமம். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை விற்பதும் வாங்குவதும் குற்றம். உண்மையிலேயே ஷாதூஷ் என்று நம்புகிற ஆள் விலை பேசியிருக்கவே கூடாது, நம்பாமல் சொன்னார் என்றால் உங்களைப் பயமுறுத்திக் கமுக்கமாக அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்க்கிறார். ஆட்டு ரோமத்தில் நெய்கிற மெல்லிய பஷ்மினாவும் மோதிரத்துக்குள் போகும், அது ஒரு சோதனையே இல்லை. அதே 1972ல் வந்த பழம்பொருள் சட்டமும் ஒன்று உண்டு, 100 வருஷம் தாண்டியதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வெளிநாட்டுப் பார்ட்டி ரெடி என்று யாராவது வந்தாலும் இதை நினைவில் வையுங்கள்.

குளச்சல் அத்தை:
அரித்த மூலையை இப்போதே கவனிக்கணும், புழு உள்ளேயே இருக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணியில் மெதுவாக அலசி நிழலில் காயப்போட்டால் போதும், எங்கள் மாமியார் கம்பளியெல்லாம் அப்படித்தான்.

மார்த்தாண்டம் ஊசிநூல்:
அத்தை, கோபிக்காதீங்க, இதை மட்டும் நனைக்கவே கூடாது. அந்தக் காலத்துச் சிவப்பு எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது, இறங்கினால் மஞ்சளும் போச்சு. தம்பி, மெல்லிய வெள்ளை முண்டால் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஐஸ்கட்டி வைக்கிற ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்க, புழுவும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்த உடனே பையைப் பிரிக்கக்கூடாது, ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் வேர்த்து நனைந்துவிடும்.

பிறகு பிளாஸ்டிக்கே ஆகாது. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, பைக்குள் ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும். கஞ்சி போடாத முண்டை நடுவில் வைத்துச் சுருட்டி வையுங்க, மடித்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். பாச்சா உருண்டை போடுவதானால் துணியில் படாமல். வெயில் காட்டாதீங்க, மழை இல்லாத நாளில் வீட்டுக்குள் காற்றாட விரித்தால் போதும்.

தங்கச்சியிடம் சொல்லுங்க, அந்த மாங்காயைப் படம் எடுத்து அனுப்பினால் அளவைக் குறைத்துப் பட்டு நூலில் ப்ளவுஸ் கையில் போட்டுத் தருகிறேன். கல்யாணம் எப்போது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்க, சித்திரையில் வேலை நெருக்கும்.

வடசேரித் தறி:
அரித்த இடத்தை இங்கே யாரிடமும் தைக்கக் கொடுக்காதீர்கள். கம்பளியில் தெரியாமல் இழை ஓட்டுகிற ரஃபூகார் என்று தனி வேலைக்காரர்கள் காஷ்மீரிலும் உத்தரப் பிரதேசத்து நஜீபாபாத்திலும் இருக்கிறார்கள். கோவளத்துக் காஷ்மீர்க் கடைகளில் விசாரியுங்கள், வழி சொல்வார்கள். கொடுக்கும் முன்னால் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பறக்கைக்காரன்:
நன்றி எல்லோருக்கும். முண்டு எடுத்தாச்சு, ஃப்ரீசரில் மீன் இருக்கிறது, அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். தங்கச்சி பங்குனி என்கிறாள் அக்கா, மாங்காய் படம் இன்று ராத்திரி அனுப்புவாளாம்.