கருப்பு கார் பானெட்டில் பாலிஷுக்குப் பின் மங்கல்: வாக்ஸுக்கு முன் என்ன செய்யலாம்?

டிஏ பாலிஷருக்கு (இரட்டை அசைவில் சுழலும் பாலிஷ் மெஷின்) நான் புதுசு. கழுவி, க்ளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) தேய்த்து, பானெட் சூடு ஆறியதும் நிழலில்தான் வேலை. 5 அங்குல ஃபோம் பேட், பட்டாணி அளவில் 4 சொட்டு காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்தெடுக்கும் பேஸ்ட்), 2 அடிக்கு 2 அடி பரப்பு, வேகம் 4, குறுக்கும் நெடுக்குமாக 4 முறை. கிளியர் கோட் (பெயிண்டின் மேலுள்ள நிறமில்லாத பூச்சு) மெலிசான விளிம்புகளில் டேப் ஒட்டியாச்சு.

வட்டக் கீறல்கள் போய்விட்டன. ஆனால் வெயிலில் பால் படிந்த மாதிரி மங்கல். எண்ணெயைக் கரைக்கும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) கலவையால் துடைத்தும் போகவில்லை. எனவே எண்ணெய்ப் படலம் இல்லை. காய்ந்த காம்பவுண்ட் கீறாமலிருக்க, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை பிரஷ் செய்தேன்.

மென்மையான பெயிண்டுக்கு இந்தக் காம்பவுண்டே அதிகமா? ஃபினிஷிங் பேடும் நைஸ் பாலிஷும், அழுத்தம் குறைத்து, போதுமா? வாக்ஸ் போட்டு மறைக்க மனமில்லை. செய்து பார்த்தவர்கள் பேட், வேகம் இரண்டையும் சொல்லுங்க.