கவர் வேண்டாம்ணே, தூக்கு இருக்கு

கடையில் கவர் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு நேரம் இருக்கிறது. கடைக்காரரின் கை கவர்க் கட்டைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால், பிரித்த கவரைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டுத்தான் நம் பையில் சாமானைப் போடுவார். குப்பைக்குப் போனது போனதுதான். மதுரையில் சில வருடங்களாகப் பையும் தூக்குவாளியுமாகவே கடைக்குப் போய் வருகிறேன். அதில் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் பரோட்டாக் கடை. சாயங்காலமே சால்னாவைச் சின்னச் சின்னக் கவர்களில் ஊற்றி, நூல் சுற்றி, ஒரு சட்டியில் குவித்து வைத்துவிடுவார்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதால் கவர் தொளதொளவென்று ஆகியிருக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு மனசு பதறும். கூட்டம் ஏறிய பிறகு தூக்கை நீட்டினால், "அக்கா, கட்டி வச்சதத்தான் குடுக்க முடியும், ஆள் இல்ல" என்பார் பார்சல் கட்டுகிற தம்பி. அவரைக் குறை சொல்ல முடியாது, எதிரே அவ்வளவு பேர் நிற்கிறார்கள். அதனால் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே போய், கல்லாவில் இருப்பவரிடம் சொல்லாமல் நேராகச் சால்னா அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பவரிடம், "கவர் வேண்டாம்ணே, தூக்குல ஊத்துங்க" என்று மூடியைத் திறந்து நீட்டுவேன்.

தூக்கு வாய் அகலமாக இருக்க வேண்டும். குறுகலான டப்பா என்றால் கரண்டி உள்ளே போகாது, வெளியே வழியும், அவருக்கும் எரிச்சல் வரும். ஒருநாள் ஊற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "அடியிலதானே கெடக்கு" என்று தானாகவே இன்னொரு கரண்டி ஊற்றினார். கவரில் நிறைவாகத் தெரிகிற அளவு தூக்கில் கொஞ்சமாகத்தான் தெரியும் போல. இப்போதெல்லாம் நான் சொல்லவே வேண்டியதில்லை, என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கையில் எடுத்துவிடுகிறார். பரோட்டா இலையில் வந்துவிடும். ஆனால் அந்த இலையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வாழை இலை மாதிரியே பச்சையாக அச்சடித்த பிளாஸ்டிக் தாளை வைக்கிற கடைகளும் இருக்கின்றன.

கறிக்கடையில் எடைத் தகராறு வருமோ என்றுதான் எல்லோரும் தயங்குகிறார்கள். அங்கே அந்தப் பிரச்சினையே இல்லை. கோழியை எடை போட்டு, வெட்டி முடித்த பிறகுதான் பாத்திரம் தேவைப்படும். மூடியைத் திறந்து கட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் பாய் அப்படியே உள்ளே தள்ளிவிடுவார். கருப்புக் கவரில் ரத்தம் ஒழுகிப் பை முழுக்க நாறுகிற தொல்லையும் இல்லை. எடை விஷயம் வருவது மாவு, தயிர், எண்ணெய் வாங்கும்போதுதான். வெறும் பாத்திரத்தை முதலில் தராசில் வைத்து, "ஜீரோ பண்ணிட்டுப் போடுங்கண்ணே" என்று சொன்னால் சரி. டிஜிட்டல் தராசில் அதற்கென்றே பொத்தான் இருக்கிறது.

அப்புறம் ஆபீஸ் டீ. பிளாஸ்கில் டீயும் ஒரு அடுக்குப் பேப்பர் கப்பும் கொண்டு வருவார் டீக்கடைப் பையன். பேப்பர்தானே என்று எல்லோரும் நிம்மதியாகக் குடித்தோம். அந்தக் கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் அதில் வைத்திருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்துவிடுவதாக ஐஐடி காரக்பூர் ஆய்வாளர்கள் 2020-ல் கண்டுபிடித்தார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தடைப் பட்டியலில் இந்தக் கப்பும் உண்டு. அதைப் படித்ததும் மேசையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்தேன். பக்கத்து மேசை அக்கா மறுநாளே தன்னுடையதைக் கொண்டு வந்தார். அவரவர் டம்ளரை அவரவரே கழுவிக்கொள்வது என்று பேசி வைத்தோம், அதனால்தான் இது நிலைத்தது. "எனக்குக் கப்புக் காசு மிச்சம்க்கா" என்று அந்தப் பையனுக்கும் சந்தோஷம்.

பை விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடைகளில் துணிப்பை மாதிரியே ஒன்று தருகிறார்கள். ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். துணி என்றால் குறுக்கும் நெடுக்குமாக நூல் வரும். இதில் நூலே இருக்காது, பஞ்சை அழுத்தின மாதிரி பிய்ந்து வரும். அது பாலிப்ரொப்பிலீன், பிளாஸ்டிக்தான். அதுவும் அதே 2019 பட்டியலில் இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் வந்த பிறகு பத்து ரூபாய் போட்டால் பை தருகிற எந்திரங்கள் வந்தன. அந்தப் பை துவைக்கத் துவைக்க உழைக்கிறது.

ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் கையில் ஸ்டீல் பாட்டில் இல்லாமல் கிளம்ப வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போதே பர்லியாறு சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை வாங்கி வைத்துவிடுவார்கள். மேலே வழியில் காசு போட்டுப் பிடித்துக்கொள்கிற தண்ணீர் எந்திரங்கள் இருக்கின்றன.

பால் பாக்கெட்டுக்குத்தான் எனக்கு இன்னும் வழி இல்லை. எங்கள் தெருவில் கறந்த பால் கொடுப்பவர் யாரும் இல்லாததால் பாக்கெட்டேதான் வாங்குகிறேன். மூலையை முழுசாக வெட்டி எடுப்பதில்லை. ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வெட்டினால் அந்தத் துணுக்குத் தனியாகச் சாக்கடைக்குப் போகாது. கழுவி, கவிழ்த்துக் காயவைத்துச் சேர்த்து வைக்கிறேன். பழைய பேப்பர்க் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்கிறார். ஈரமாகவோ பால் வாடையோடோ இருந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.