இரைப்பைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் மலையகத்தில் இருப்பவர்கள் என்னென்ன ஏற்பாடுகள் செய்ய வேண்டும்?

தலவாக்கலை ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் தலவாக்கலைக்கு அருகே தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். வயது 43, உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 104 கிலோ. நீரிழிவுக்கு மெட்ஃபோமினும் கிளிக்ளசைட்டும் பாவிக்கிறேன். முழங்கால் வலியால் பாடசாலைப் படிகளில் நின்று நின்றே ஏற வேண்டியிருக்கிறது. இரவில் குறட்டை விடும்போது இடையில் மூச்சு நின்றுவிடுவதாகக் கணவர் சொல்கிறார். உணவைக் கட்டுப்படுத்திக் குறைத்த நிறையெல்லாம் மறுபடியும் ஏறிவிட்டதால், கொழும்பில் உள்ள சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைப் பார்த்தேன். அவர் ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையைச் சிறிதாக்கலாம் என்கிறார். திகதி இன்னும் குறிக்கப்படவில்லை.

அங்கே இருக்கும்போது தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் வருகின்றன. திகதிக்கு முன் நான் என்னென்ன செய்து முடிக்க வேண்டும்? வீட்டுக்கு வர ஹட்டன் பாதையில் அத்தனை வளைவுகளைக் கடக்க வேண்டும். வந்த பிறகும் தெருவிலிருந்து ஐம்பது அறுபது படிகள் ஏற வேண்டும். எப்போது திரும்பி வருவது நல்லது? காலையில் ரொட்டியும் சம்பலும், நாள் முழுவதும் சாயம் (பால் கலக்காத தேநீர்) என்று இருக்கும் வீட்டில் என் சாப்பாட்டை எப்படி நடத்துவது? அனுபவப்பட்டவர்களும் வைத்தியத் துறையில் இருப்பவர்களும் சொல்லித் தந்தால் உதவியாக இருக்கும்.

பேராதனைப் பக்கத்துத் தாதி

சகோதரி, நான் சத்திரசிகிச்சை விடுதியொன்றில் பணிபுரிகிறேன். உங்கள் வைத்தியர் சொல்வதே முடிவானது. நான் எழுதுவதை அவரிடம் கேட்க வேண்டியவற்றின் பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூச்சு நிற்கும் விடயத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் அதைக் குறட்டைதானே என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் உள்ளவருக்கு மயக்க மருந்தும் அதன் பின் கொடுக்கப்படும் வலி மருந்துகளும் கூடுதல் ஆபத்தைத் தரக்கூடும் என்பதால், மயக்க மருந்து நிபுணர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் உறக்கப் பரிசோதனை செய்து, இரவில் முகக்கவசத்தின் வழியாகக் காற்றைச் செலுத்தும் இயந்திரத்தைச் சில வாரங்கள் முன்பிருந்தே பழக்குவார்கள். இதற்குக் காலம் எடுக்கும், ஆகையால் இதை முதலில் தொடங்குங்கள்.

அடுத்தது எண்டோஸ்கோபி, அதாவது வாய்வழியாகக் கமராக் குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை. உங்களுக்கு நெஞ்செரிவு இருக்கிறதா என்று எழுதவில்லை. ஸ்லீவ் முறைக்குப் பின் நெஞ்செரிவு புதிதாக வரலாம், ஏற்கெனவே இருப்பது மோசமாகலாம். ஆகவே அந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு இரைப்பையை மாற்றுவழியாகக் குடலுடன் இணைக்கும் ‘பைபாஸ்’ முறை பொருத்தமாக இருக்குமா என்பதை நிபுணருடன் வெளிப்படையாகப் பேசித் தீர்மானிக்க வேண்டும். ஹெலிகோபக்டர் என்ற கிருமி இரைப்பையில் இருந்தால் அதற்கும் முன்னரே மருந்து தருவார்கள். இவற்றுடன் பித்தப்பை ஸ்கேன், தைரொயிட், ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, விற்றமின் பி12, விற்றமின் டி ஆகியவற்றையும் பார்ப்பது வழக்கம். மனநல வைத்தியரிடம் அனுப்பினால் மனம் நோக வேண்டாம். உணவுடன் உங்களுக்குள்ள உறவை விளங்கிக்கொள்வதற்கே அந்தச் சந்திப்பு.

பெரும்பாலான நிலையங்கள் சத்திரசிகிச்சைக்கு முந்திய இரண்டு வாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 முதல் 1000 கலோரி வரையிலான, மாப்பொருள் குறைந்த உணவைத் தருகின்றன. ஈரலின் இடது பகுதி இரைப்பையின் மேல் படிந்திருக்கிறது; அதில் கொழுப்பு சேர்ந்து பருத்திருந்தால், சிறு துளைகளின் வழியாக வேலை செய்யும் வைத்தியருக்கு இரைப்பையே சரியாகத் தெரியாது. இரண்டு வாரக் கட்டுப்பாட்டில் ஈரல் கண்கூடாகச் சுருங்கும். ஆனால் நீங்கள் கிளிக்ளசைட் பாவிப்பதால் இங்கே ஒரு கவனம் தேவை: சாப்பாடு பாதியாகக் குறைந்த நிலையில் அந்த மாத்திரையைப் பழைய அளவிலேயே எடுத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்குக் கீழே போகலாம். அந்த உணவைத் தொடங்கும் நாளிலிருந்து மாத்திரையின் அளவு என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

திகதியைத் தெரிவு செய்யும் வாய்ப்புக் கிடைத்தால் மழையையும் யோசியுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் கொட்டும்போது மண்சரிவால் பாதை மூடப்படுவது உங்களுக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் கொழும்புக்குத் திரும்ப வேண்டிய காலத்தில் பாதை திறந்திருக்க வேண்டும்.

பசறை மூத்தவர்

மகளே, தவறாக நினைக்க வேண்டாம். எங்கள் காலத்தில் மலையேறி இறங்கியே உடம்பு கரைந்தது. 104 கிலோவுக்கு வயிற்றில் கத்தி வைக்க வேண்டுமா? இதெல்லாம் எழுந்து நடக்கவே முடியாதவர்களுக்குச் செய்வது என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இன்னும் ஒரு வருடம் நடைப்பயிற்சி செய்து பார்க்கலாமே.

பேராதனைப் பக்கத்துத் தாதி

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆயினும் முழங்கால் தேய்ந்தவரை நடக்கச் சொல்வது எளிது, நடப்பது அவருக்கல்லவா கடினம். கிலோவை மட்டும் வைத்து இதைத் தீர்மானிப்பதில்லை. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடற்திணிவுச் சுட்டியைப் பார்ப்பார்கள். சகோதரிக்கு அது 42ஐத் தாண்டுகிறது. 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட பழைய வரையறையே சுட்டி 40 ஆக இருந்தாலும், நீரிழிவு போன்ற நோயுடன் 35 ஆக இருந்தாலும் சத்திரசிகிச்சை பொருத்தமானது என்றது. 2022இல் சர்வதேச நிபுணர் சங்கங்கள் அதை இன்னும் தளர்த்தி, நோய் ஏதும் இல்லாவிட்டாலும் 35 போதும் என்றன. ஆசிய மக்களுக்குக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு வந்துவிடுவதால் 27.5 முதலே பரிசீலிக்கலாம் என்றும் கூறின. எனவே இவர் எந்த வரையறையின்படி பார்த்தாலும் உள்ளேதான் இருக்கிறார்.

ஹட்டன் நண்பன்

அக்கா, எனக்கு இதே ஸ்லீவ் முறை செய்து இரண்டு வருடங்கள் கடந்துவிட்டன. நான் லொறி ஓட்டுபவன். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய காலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வைத்தியசாலையிலிருந்து நேரே மலைக்கு வராதீர்கள். தையல் போட்ட கோட்டில் கசிவு ஏற்பட்டால் அது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள்தான் தெரியவரும். அந்தக் காலத்தில் வைத்தியசாலைக்குப் பக்கத்தில், உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ இருப்பதுதான் புத்தி. எனக்கு வத்தளையில் சித்தி வீடு இருந்தது. நாடி நிமிடத்துக்கு 120ஐத் தாண்டி ஓடுவது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சு வாங்குவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று எழுதியே தந்தார்கள். முதல் ஓரிரு நாட்களில் தோள்பட்டை வலிப்பது சத்திரசிகிச்சையின்போது வயிற்றுக்குள் செலுத்திய வாயுவாலும் இருக்கலாம். அதுவே பின்னர் புதிதாக, அதுவும் இடது தோளில் வந்தால் உடனே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு இப்படி நேர்ந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். உங்கள் தோட்டத்துக்குள் வரும் வழியை யார் தெருவில் நின்று காட்டுவது என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

வரும் பயணத்தில் மணிக்கொரு தடவை வேனை நிறுத்தி, இறங்கி நடக்க வேண்டும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும். சிலருக்கு அதைத் தடுக்கும் ஊசியை வீட்டிலும் தொடரச் சொல்வார்கள். படிகளைப் பற்றி நீங்கள் பயப்படத் தேவையில்லை. மெதுவாக ஏறலாம், ஏறுவது நல்லதும்கூட. ஆனால் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம், விறகு, அரிசி மூட்டை எதையும் தூக்கக் கூடாது. எங்கள் வீடுகளில் பெண்களுக்கு இதுதான் நடப்பதில்லை. ஓய்வெடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், தண்ணீர் பிடிக்க மட்டும் யாரும் எழும்ப மாட்டார்கள். அத்தானிடம் முன்கூட்டியே பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாடு படிப்படியாகத்தான் வரும். முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு ஏறத்தாழ இரண்டு வாரம் வரை பால், வடித்த சூப் போன்றவை, அதன் பின் மசித்த உணவு, அடுத்து மிருதுவான உணவு. ஆறு முதல் எட்டு வாரங்களில்தான் சாதாரணச் சாப்பாட்டுக்கு அருகில் வந்தேன். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது சேர வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதை நினைத்தால் அது எவ்வளவு பெரிய வேலை என்று விளங்கும். தயிர், மசித்த பருப்பு, முள் எடுத்த மீன், ஊறவைத்து நன்றாக அரைத்த சோயா மீட் ஆகியவற்றால் நான் சமாளித்தேன். வைத்தியர் சொன்ன புரத மாவும் சில வாரங்கள் தேவைப்பட்டது. தட்டில் புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும், சோறு கடைசியில்தான்.

ரொட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். கோதுமை மா ரொட்டியும் பாணும் உள்ளே போய்ப் பசைக்கட்டியாக நின்றுவிடும், நெஞ்சை அடைக்கும், வாந்தி வரும். பல மாதங்களுக்குப் பிறகு மொறுமொறுவென்று சுட்ட கால்வாசி ரொட்டி எனக்கு ஒத்துக்கொண்டது. இன்றும் அதற்கு மேல் போவதில்லை.

தண்ணீர்தான் மலைநாட்டில் பெரிய சோதனை. குளிரில் தாகமே தெரியாது. ஒரே மூச்சில் குடிக்கவும் முடியாது. நாளுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறையாமல் வாய் வாயாக, நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். சாப்பாட்டுடன் சேர்த்துக் குடிக்காமல் அரை மணித்தியாலம் இடைவெளி விட வேண்டும். நான் சுடுநீர்ப் போத்தலை லொறியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் வகுப்பறையில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு தலைமுடி கொத்தாகக் கொட்டியது. என் மனைவி அழுதேவிட்டாள். பெரும்பாலும் தற்காலிகமானதுதான் என்று சொன்னார்கள், அப்படியே மறுபடியும் வளர்ந்தது. ஒரு விடயம் எனக்கு முன்பே சொல்லப்படவில்லை: கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் இரண்டு கரண்டிச் சோற்றுடன் கையைக் கழுவினால் சமைத்தவர்களுக்கு முகம் வாடிவிடும். நெருங்கிய உறவினரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மற்றவர்களிடம் வயிற்றில் புண் என்றேன்.

தலவாக்கலை ஆசிரியை

மிக்க நன்றி. நெஞ்செரிவு எனக்கு அடிக்கடி உண்டு. அதை வைத்தியரிடம் சொல்லவே இல்லை, அடுத்த முறை முதல் விடயமாகச் சொல்வேன். மேலும் இரண்டு கேள்விகள். எனக்கு ஏற்கெனவே இரத்தச்சோகை இருப்பதாக முன்பொரு தடவை கிளினிக்கில் சொன்னார்கள். சாயம் குடிப்பதை முற்றாக நிறுத்த வேண்டுமா? விற்றமின் மாத்திரைகளை எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்?

பண்டாரவளை மருந்தாளர்

வணக்கம் ரீச்சர். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: வாழ்நாள் முழுவதும். இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமாக அகற்றப்படுவதால் அமிலமும் பி12ஐ உறிஞ்சத் துணைபுரியும் பொருளும் குறைகின்றன, சாப்பாடும் குறைகிறது. இரண்டு வருடங்களில் உடம்பு இளைத்து, எல்லாம் சரியென்று மாத்திரையை நிறுத்தியவர்கள்தான் பின்னர் கைகால் விறைப்புடனும் களைப்புடனும் வருகிறார்கள். ஆகவே பலவகை விற்றமின்கள் சேர்ந்த மாத்திரை, விற்றமின் டி, உணவுடன் சேர்த்து நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கல்சியம், பி12 மாத்திரையாகவோ மாதாந்த ஊசியாகவோ, இவை யாவும் தொடர வேண்டும். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்து நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. உங்களுக்கு ஏற்கெனவே சோகை இருப்பதால் சத்திரசிகிச்சைக்கு முன்பே அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். மாதச் செலவைச் சத்திரசிகிச்சைச் செலவுடன் சேர்த்தே கணக்குப் பாருங்கள், ஏனெனில் சத்திரசிகிச்சைக் கட்டணத்தை ஒரு தடவைதான் கட்டுவீர்கள், மாத்திரைக்கு மாதந்தோறும் கட்ட வேண்டும்.

தேயிலைத் தேசத்தில் இருந்துகொண்டு சாயத்தை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது தேவையுமில்லை. தேயிலையில் உள்ள தனின் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்து உறிஞ்சவிடாமல் செய்யும் என்பதால், இரும்பு மாத்திரைக்கும் முக்கிய உணவுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது சாயம் வேண்டாம். கல்சியமும் இரும்பின் வழியை மறிக்கும். இரண்டுக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். காலையில் இரும்பை ஒரு தோடம்பழச் சாற்றுத் துளியுடனும், கல்சியத்தைப் பிரித்து மதியமும் இரவும் எடுப்பது பலருக்கு வசதியாக இருக்கிறது. முதல் சில வாரங்களில் கடும் சாயம் இரைப்பையை உறுத்தும். சீனியைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவன்: நாளுக்கு ஐந்தாறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்று போனால், சிறிய இரைப்பையாலும் அதைத் தடுக்க முடியாது. திரவம் நிற்காமல் இறங்கிவிடும்.

வாந்தி நாட்கணக்கில் தொடர்ந்தால், ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பி1 விற்றமின் வெகு விரைவாகத் தீர்ந்துவிடும், அதன் குறைபாடு மூளையையும் நரம்பையும் பாதிக்கும். மெட்ஃபோமினில் மெதுவாகக் கரையும் வகையை நீங்கள் பாவித்தால் அதை உடைத்தோ பொடித்தோ எடுக்கக் கூடாது. சாதாரண வகைக்கு மாற்றித் தரக் கேளுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் நீரிழிவு மாத்திரைகளின் தேவை சில நாட்களிலேயே குறைந்துவிடக்கூடும் என்பதால் வீட்டில் சீனி பார்க்கும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் வயதிலும் கருத்தரிக்க இடமுண்டு. 12 முதல் 18 மாதங்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்வார்கள். நெஞ்செரிவு காரணமாக பைபாஸ் முறைக்கு மாறினால் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், எனவே வேறு முறையைப் பற்றிக் கேளுங்கள்.

முழங்காலுக்காக நீங்கள் டைக்குளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை எடுப்பவராக இருந்தால், இனி அவை இரைப்பையில் புண்ணை உண்டாக்கும் என்பதால் தவிர்க்க வேண்டும், பைபாஸ் செய்தால் இன்னும் கண்டிப்பாக. பரசிற்றமோல் எடுக்கலாம். அவசரத்தில் எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் அங்குள்ளவர்களுக்கு இது தெரிய வேண்டும். ஆகவே என்ன சத்திரசிகிச்சை, எந்தத் திகதியில், எந்த மருந்துகள் கூடாது என்பதை நிபுணரிடம் கடிதமாக வாங்கிக் கிளினிக் புத்தகத்தில் ஒட்டிவிட்டு, பிரதியொன்றைத் தோட்ட வைத்திய நிலையத்திலும் கொடுத்து வையுங்கள்.