மறு: முக்காட்டு மப்ளர் – சொல்லும் அளவும்

வணக்கம்.

மப்ளரோடு தலைமூடியும் சேர்ந்து வருகிற கொக்கிப் பின்னல் (குரோஷே) உடுப்புக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் விவாதத்தில் இதுவரை வந்த பரிந்துரைகள்: தலைச்சால்வை, குல்லாத்துண்டு, கழுத்துச்சுற்று, முக்காட்டு மப்ளர். எது காதுக்கு இனிமை என்பதிலேயே பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் வேறு ஒரு சோதனை வைக்கிறேன். அதே உடுப்பைச் சிறிது, நடு, பெரிது என்று மூன்று அளவுகளில் பின்னக் குறிப்பு எழுதும்போது சொல் தாக்குப்பிடிக்கிறதா? உடுப்பின் பெயர் தலைப்பில் ஒருமுறை வரும். அதன் உறுப்புகளின் பெயர்தான் வரிக்கு வரி வரும்.

> குல்லாத்துண்டு என்றால் எல்லோருக்கும் புரியும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

புரியும், சரி. "துண்டை நடுவில் மடித்து, இரண்டு துண்டின் ஓரத்தையும் சேர்த்துத் தைக்கவும்" என்று எழுதிப் பாருங்கள். எந்தத் துண்டு? தனித்தனியாகப் பின்னிய இரண்டா, ஒன்றின் இரண்டு பாதியா? பின்னுகிறவர் நூலை மடியில் போட்டுக்கொண்டு யோசிக்க ஆரம்பித்துவிடுவார். கழுத்துச்சுற்றுக்கும் இதே கதிதான். வட்டமாகப் பின்னிப் போவதைச் 'சுற்று' என்றும், போய்த் திரும்பிப் பின்னுவதை 'வரிசை' என்றும் முந்தைய விவாதத்தில் முடிவு செய்துவிட்டோம். "கழுத்துச்சுற்றில் 12 சுற்று" என்று எழுதினால் நாக்குச் சுளுக்குப் பயிற்சி மாதிரி இருக்கிறது.

தலைச்சால்வையில் வேறு குறை. சால்வை என்றதும் தோளை மூடும் அகலம் மனத்தில் வந்துவிடுகிறது. இங்கே அகலம் ஒரு சாண் சொச்சம்தான்.

இனி, இந்த உடுப்பை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் சொல் தானாக வந்து விழும். எளிய முறை இது: நீளமாக ஒரு மப்ளர் பின்னுகிறோம். அதன் நீளம் சரிபாதியாகும்படி நடுவில் மடிக்கிறோம். மடிப்பிலிருந்து ஒரு பக்க ஓரத்தில் மட்டும் கொஞ்ச தூரம் சேர்த்துத் தைக்கிறோம். விரித்தால் மடிப்பு உச்சந்தலையிலும், தையல் பின்மண்டையில் பிடரி வரைக்கும், தைக்காத ஓரம் முகத்தைச் சுற்றியும் வந்து நிற்கும். மிச்சம் இரண்டு பக்கமும் மார்பில் தொங்கும். ஆக, தனியாக ஒரு குல்லா பின்னி மப்ளரில் ஒட்டவில்லை. மப்ளரே தலையில் ஏறி முக்காடாகிறது. குல்லா தலையைக் கவ்விப் பிடிக்கும். முக்காடு தளர்வாக விழுந்து கழுத்தில் முடியும். இது இரண்டாவது வகை.

> முக்காடு என்றாலே பெண்கள், துக்கம், கடன்காரன் என்றுதான் தோன்றுகிறது.

நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று கேட்கிற மொழி இது. மழைக்கும் குளிருக்கும் தலையில் போடுவது எதுவோ அது முக்காடு. ஆண், பெண் பேதம் அதில் இல்லை. கடன்காரன் போட்டுக்கொண்டதற்குச் சொல் என்ன செய்யும்?

அளவுக்கு வருகிறேன்; சிக்கலே இங்கேதான். பிறந்து ஒரு வருடமான குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 46 செ.மீ. வளர்ந்தவருக்கு 56 செ.மீ. பக்கம். பத்து செ.மீ. தான் வித்தியாசம். ஆனால் உயரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதனால் முக்காடு கொஞ்சமாகவும் தொங்குகிற பகுதி நிறையவும் வளர வேண்டும். ஒரே விகிதத்தில் பெருக்கினால் ஒன்று முக்காடு கண்ணை மறைக்கும், இல்லையென்றால் மப்ளர் மார்புக்கு எட்டாது. 5 மி.மீ. கொக்கிக்குப் பதில் 4 மி.மீ. எடுத்துக்கொண்டால் சிறிய அளவு வந்துவிடும் என்று சொல்வோர் உண்டு. வரும், எல்லாம் ஒரே மாதிரி சுருங்கி. அதே நூலில் பின்னல் விறைத்தும் போகும்.

ஓர் எடுத்துக்காட்டு. வளர்ந்தவருக்கு மொத்த நீளம் 170 செ.மீ., முக்காட்டு உயரம் (மடிப்பிலிருந்து தைக்கிற தூரம்) 33 என்று வைத்துக்கொள்வோம். மடிப்புக்கு இரண்டு பக்கமும் 33, 33 போனால் மிச்சம் 104. ஒரு பக்கத்துக்கு 52. ஐந்து வயதுக் குழந்தைக்கு மொத்தம் 120, முக்காட்டு உயரம் 28 என்றால், 56 போக 64. ஒரு பக்கத்துக்கு 32. முக்காட்டு உயரம் சுமார் 15 விழுக்காடு குறைந்தது, தொங்குகிற பகுதியோ 38 விழுக்காடு குறைந்தது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இல்லாமல் இதைக் குறிப்பில் எப்படிச் சொல்வது? அதனால்தான் பிரித்தால் பிரிகிற கூட்டுச்சொல் வேண்டும் என்கிறேன்: முக்காடு ஓர் உறுப்பு, தொங்கல் இன்னோர் உறுப்பு, சேர்ந்தது முக்காட்டு மப்ளர்.

அகலம் முக்காட்டின் பக்கம் சேரும். மேலே சொன்ன முறையில் மப்ளரின் அகலம்தான் நெற்றி ஓரத்திலிருந்து பின்மண்டை வரைக்குமான தூரம். அதை 'முக்காட்டு ஆழம்' என்று சொல்லலாம். வளர்ந்தவருக்கு 24 செ.மீ. வேண்டும், 10 செ.மீ.க்கு 14 கண்ணி (கொக்கியில் விழும் ஸ்டிட்ச்) விழுகிறது என்றால் 33.6 கண்ணி. பூவேலை சரியாக அமையக் கண்ணி எண்ணிக்கை 4இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும் என்றால் 33. குழந்தைக்கு 19 செ.மீ. என்றால் 26.6; கிடைப்பது 25 அல்லது 29. நான் 29 எடுப்பேன். இறுக்கமான முக்காட்டைக் குழந்தை உடனே பிடித்து இழுத்துவிடும், தளர்வானதைப் பொறுத்துக்கொள்ளும்.

இந்த '10 செ.மீ.க்கு இத்தனை கண்ணி' என்பதை அமெரிக்கக் குறிப்புகள் கேஜ் என்கின்றன, பிரிட்டிஷ் குறிப்புகள் டென்ஷன் என்கின்றன. நமக்கு இரண்டையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. கண்ணி அடர்த்தி. முடிந்தது.

> ஸ்டிட்ச் என்பதற்குத் தையல் என்றே வைக்கலாமே?

வேண்டாம். இந்த உடுப்பில் கடைசியில் நிஜமாகவே ஊசியும் நூலும் எடுத்துத் தைக்கிற வேலை இருக்கிறது. கொக்கியில் விழுவது கண்ணி, ஊசியால் போடுவது தையல். இரண்டு ஓரத்தைச் சேர்ப்பதற்குக் கைலி மூட்டுவது என்கிறோமே, அந்த 'மூட்டுதல்' இருக்கிறது. சிங்கிள், டபுள் குரோஷே என்ற கண்ணி வகைகளைப் பற்றி இங்கே கிளற வேண்டாம். அமெரிக்கர்களின் சிங்கிள்தான் பிரிட்டிஷாரின் டபுள், அதற்குத் தனி விவாதம் தொடங்கினால்தான் சரிப்படும்.

ஒரே குறிப்பைப் பல அளவுக்கு மாற்றி எழுதுவதற்கு 'அளவுப்படி' என்று ஒருவர் சொன்னார். "அளவுப்படி பின்னவும்" என்றால் சொன்ன அளவில் பின்னு என்றுதான் யாருக்கும் படும். 'அளவேற்றம்' இருக்கட்டும். குறைப்பதற்கு அளவிறக்கம் என்று எதிர்ச்சொல்லும் கையோடு கிடைக்கிறது.

சின்னக் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடியாடுகிற வயதில் நீளத் தொங்கல் எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு. குழந்தைகளின் மேலுடையில் கழுத்தருகிலும் முக்காட்டிலும் இழுநாடா வைக்க வேண்டாம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996இல் வழிகாட்டுதல் வெளியிட்டது இதே அச்சத்தால்தான். தவழும், நடை பழகும் குழந்தைகளுக்குத் தொங்கலை எடுத்துவிட்டு, தாடைக்குக் கீழே சிறு பட்டையும் பொத்தானும் வைத்துவிடலாம். அப்போது மப்ளர் போய்விடுகிறது, முக்காடு மட்டும் நிற்கிறது. பெயரும் அதற்கேற்றபடி பாதியாகிக்கொள்கிறது பாருங்கள்.

> தொங்கலுக்குப் பதில் முந்தி? சேலையில் இருக்கிற சொல்தானே.

எனக்கும் ஆசைதான். ஆனால் "முந்தி 20 வரிசை பின்னவும்" என்றால் முன்னாடியே பின்னி வைக்க வேண்டிய 20 வரிசை எங்கே என்று தேடுவார்கள். தொங்கலில் அந்தத் தொல்லை இல்லை. காதணி என்ற பொருளும் உண்டுதான், பின்னல் குறிப்பில் யாரும் காதைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள்.

மப்ளர் வேற்றுமொழி என்று இரண்டு பேர் எதிர்க்கிறீர்கள். எனக்கு அது உறுத்தவில்லை. மாற்று இருந்தால் தனியாகத் தர வேண்டாம். கீழே உள்ள வரியில் போட்டு எழுதி அனுப்புங்கள், பார்ப்போம்:

"மப்ளரை நடுவில் மடித்து, மடிப்பிலிருந்து 28 / 30 / 33 செ.மீ. வரை ஒரு பக்க ஓரத்தை மூட்டவும். இருபுறத் தொங்கலும் 32 / 42 / 52 செ.மீ. இருக்க வேண்டும்."