எம்.ஆர்.டி.க்குத் தமிழ்: எச்சநோயா, எஞ்சுநோயா?

நண்பர்களே,

ரத்தப் புற்றுநோய் மருந்தாய்வுகளின் ஒப்புதல் படிவங்களில் 'மினிமல் ரெசிடுவல் டிசீஸ்' (எம்.ஆர்.டி., சிகிச்சைக்குப் பின்னும் எஞ்சியிருக்கும் சிறிதளவு நோய்) என்பதைக் 'குறைந்தபட்ச எஞ்சிய நோய்' என்று போட்டுவிடுகிறார்கள். குறைந்தபட்சம் என்றால் 'இதற்குக் கீழே போகாது' என்றல்லவா பொருள்? நோய் கொஞ்சமாவது இருந்தே தீரும் என்று நோயாளி படித்துக்கொள்வார். ஆங்கிலத்திலேயே 'மினிமல்' ஒதுங்கி 'மெஷரபிள்' (அளவிடத்தக்க) வந்துவிட்டது.

லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயில், எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்து, முதிராத ரத்த அணுக்களான பிளாஸ்ட் அணுக்கள் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்து, மற்ற நிபந்தனைகளும் கூடினால் முழுத்தணிவு (கம்ப்ளீட் ரெமிஷன்) என்கிறோம். அப்போதும் கோடிக்கணக்கான புற்றணுக்கள் உள்ளே இருக்கலாம். ஃப்ளோ சைட்டோமெட்ரியோ (அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அடையாளம் காணும் சோதனை) பி.சி.ஆரோ (டி.என்.ஏ.வைப் பெருக்கித் தேடும் சோதனை) மரபணு வரிசையாக்கமோ தேடிப் பிடிப்பது அவற்றைத்தான். 'எச்சநோய்' என்று வைக்கலாமா?

---

> 'எச்சநோய்' என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. எச்சம் என்றதும் காக்கைதான் நினைவுக்கு வரும். படிவம் படிப்பவர் இலக்கணப் புலவர் இல்லை.

வினைத்தொகையாக 'எஞ்சுநோய்' என்போம். எஞ்சிய, எஞ்சுகிற, எஞ்சும் என முக்காலமும் அடங்கும். 'அளவிடத்தக்க' என்ற அடைமொழியை முதல் இடத்தில் மட்டும் சேர்த்தால் போதும்.

---

எஞ்சுநோய்க்கு என் வாக்கு. ஆனால் உண்மையான சிக்கல் 'எம்.ஆர்.டி. நெகட்டிவ்' என்பதில் இருக்கிறது. 'எஞ்சுநோய் இல்லை' என்று எழுதினால் அது பொய்யாகலாம்.

எவ்வளவு ஆழம் தேடினோம் என்பதைப் பொறுத்தது விடை. 10,000 அணுக்களில் ஒன்றைக் காணும் சோதனையில் தென்படாதது, 10 லட்சத்தில் ஒன்றைக் காணும் வரிசையாக்கத்தில் தென்படலாம். மயலோமாவுக்கு (மஜ்ஜையின் பிளாஸ்மா அணுக்களில் வரும் புற்றுநோய்) ஃப்ளோவில் லட்சத்தில் ஒன்று என்ற ஆழம் வேண்டுமானால், 20 அணுக்கள் சேர்ந்தால்தான் நம்பகமான கூட்டம் என்ற கணக்கில், 20 லட்சம் அணுக்களையாவது எண்ண வேண்டும். மஜ்ஜையில் ஊசியால் எடுக்கும் முதல் உறிஞ்சலை இந்தச் சோதனைக்கு ஒதுக்காமல் மூன்றாவதை அனுப்பினால், ரத்தம் கலந்து நீர்த்துப்போய் நோய் ஒளிந்துகொள்ளும்.

மருந்தே கண்ணைக் கட்டுவதும் உண்டு. பி அணுக்களின் மேற்பரப்பில் உள்ள சி.டி.19 என்ற புரதத்தைக் குறிவைக்கும் பிளினாடுமொமாப் மருந்தைக் கொடுத்தபின், சி.டி.19-ஐ மட்டும் நம்பி பி அணுக்களைத் தேடினால், அந்த அடையாளத்தை இழந்த புற்றணுக்கள் தப்பிவிடும். மயலோமா மருந்தான டாராடுமுமாப், சி.டி.38 என்ற அடையாளப் புரதத்தை மூடிவிடுவதும் இப்படித்தான்.

சொல்லாராய்ச்சி என்று இதை ஒதுக்க முடியாது. 2018-இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ., தணிவில் இருந்தும் 0.1 விழுக்காடோ அதற்கு மேலோ எஞ்சுநோய் உள்ள பி-அணு ஏ.எல்.எல். (ஒருவகைத் தீவிர லுக்கேமியா) நோயாளிகளுக்குப் பிளினாடுமொமாபை விரைவு முறையில் அனுமதித்தது. 2024 ஏப்ரலில் அதன் ஆலோசனைக் குழு, மயலோமா மருந்தாய்வுகளில் விரைவு அனுமதிக்கான முடிவுக்குறியாக (மருந்து பலன் தருகிறதா என்று தீர்மானிக்கும் அளவுகோலாக) எஞ்சுநோயை ஏற்கலாம் என்று 12-0 என வாக்களித்தது.

ஆகவே 'எஞ்சுநோய் தென்படவில்லை', கூடவே ஆழமும்.

---

> கூடவே ஆழமும்

சரி. 'தென்பட்டது / தென்படவில்லை' இருக்கட்டும். 'நேர்மறை, எதிர்மறை' கூடவே கூடாது, எது நல்ல செய்தி என்பதே தலைகீழாகிவிடும். படிவ வாசகம் இப்படி:

"1,00,000 அணுக்களில் 1 புற்றணு இருந்தாலும் காட்டக்கூடிய சோதனையில் எஞ்சுநோய் தென்படவில்லை. அதைவிடக் குறைவாக இருந்தால் இந்தச் சோதனைக்குத் தெரியாது."

இரண்டாம் வரி நீளம் என்று வெட்டச் சொல்வார்கள். வெட்ட விடாதீர்கள். அடுத்து 'முழுத்தணிவு', 'முழு' என்பதைக் குணமானதாகவே படிக்கிறார்கள். மாற்று இருந்தால் எழுதுங்கள்.