க்ளுக்கின் மெட்டைத் தாண்டி ஸ்கம்பாத்தியிடம் கேட்க என்ன இருக்கிறது?

கேள்வி:
18-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் க்ளுக்கின் ஓர்ஃபியோ ஆப்பராவில் (இசை நாடகத்தில்) வரும் புல்லாங்குழல் மெட்டை ரஷ்யப் பியானோ கலைஞர் ரஹ்மானினோவ் பியானோவில் வாசித்த பழைய ஒலிப்பதிவைக் கேட்டேன். அதைப் பியானோவுக்கு மாற்றி எழுதியவர் ஜொவான்னி ஸ்கம்பாத்தி என்று அறிகிறேன். அவர் சொந்தமாகப் பியானோவுக்கு எழுதியவற்றில் எதிலிருந்து தொடங்கலாம், இத்தகைய ஒருவர் எவ்வாறு மறக்கப்பட்டார் என்பதை விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஸ்கம்பாத்தி 1841-இல் ரோமில் பிறந்து, 1914-இல் அங்கேயே மறைந்தவர். 1860களில் ரோமில் வாழ்ந்த ஹங்கேரியப் பியானோ மேதை லிஸ்ட்டிடம் பயின்ற அவர், லிஸ்ட்டின் தாந்தே சிம்பொனியை 1866-இல் அந்நகரில் நடத்தினார். அவருடைய பியானோ குவின்டெட்டுகளை (பியானோவும் நான்கு தந்திக் கருவிகளும் சேர்ந்த ஐவர் இசை) கேட்ட ஜெர்மானிய ஆப்பரா இசையமைப்பாளர் வாக்னர், அவற்றை வெளியிடுமாறு தம் பதிப்பாளரான ஷாட் நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தார் என்பதிலிருந்து, அன்று அவருக்கிருந்த மதிப்பை உணரலாம். ஆனால் அவர் ஆப்பரா எழுதவில்லை. பெயரும் வருவாயும் ஆப்பரா அரங்கைச் சுற்றியே இருந்த அக்கால இத்தாலியில், மறதிக்கு அது ஒன்றே போதும்.

மறுமொழி 2:
அது பாதிக் காரணம்தான். 1880களில் பிறந்த கசெல்லா, மாலிப்பியெரோ போன்ற இத்தாலிய இசையமைப்பாளர்கள் ஆப்பராவின் ஆதிக்கத்தை அவரைப் போலவே எதிர்த்தாலும், முன்னோடிகளைத் தேடியபோது அவரைத் தாண்டி பழைய இத்தாலிய மேதைகளான மொன்தெவெர்தி, விவால்தி வரை பின்னோக்கிச் சென்றுவிட்டனர். ஜெர்மானிய பாணியைக் கடன் வாங்கியவர் என்ற குறை அவர்மேல் நிலைத்தது. பியானோவுக்கும் இசைக்குழுவுக்கும் எழுதிய ஜி மைனர் கான்செர்ட்டோவுக்கு (ஓபஸ், அதாவது படைப்பு எண், 15) அக்குறை ஓரளவு பொருந்தும்; அதன் பரப்புக்கு ஈடான மெட்டுகள் அதில் இல்லை என்பது என் எண்ணம். நாக்டர்ன்கள் எனும், இரவின் மனநிலையைக் காட்டும் சிறு பியானோ உருப்படிகளுக்கு அது சற்றும் பொருந்தாது: அங்கே இடக்கை எவ்வளவு அடர்ந்து ஒலித்தாலும், மேலே செல்லும் மெட்டு இத்தாலியப் பாடகரைப் போல மூச்செடுத்துப் பாடுகிறது.

மறுமொழி 3:
நாக்டர்ன்களில் தொடங்கி, ஃபோல்யி வொலான்தி (ஓபஸ் 12) என்னும் சிறு உருப்படிகளின் தொகுப்புக்குச் செல்லுங்கள். முன்னிசையும், ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்துத் தொடரும் ஃபியூகும் (ஓபஸ் 6) பொறுமையைக் கேட்பவை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இசைத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இவை பிடித்துப்போனால், 1856-இல் இத்தாலியின் கப்புவாவில் பிறந்த இசையமைப்பாளர் மர்த்துச்சியின் ஜி ஃபிளாட் மேஜர் நாக்டர்னையும் (ஓபஸ் 70, எண் 1) கேளுங்கள். அவரும் ஆப்பரா எழுதாதவரே. ஆயினும் 1911-இல் நியூயார்க்கில் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் மாலர் நடத்திய இறுதிக் கச்சேரியில் மர்த்துச்சியின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ இடம்பெற்றிருந்தது.